பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்த வருடங்கள்

வங்காளத்தில் இருக்கிற எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் பணி அனுபவம் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். வங்கியில் இருந்தவர், ரயில்வேயில் இருந்தவர், துறைமுகக் கணக்குப் பிரிவில் இருந்தவர். எனக்கு முப்பத்துமூன்று வயதுதான் ஆகிறது. ஆனாலும் ஒரு தொழிலிலிருந்து முழுசாக வெளியே வந்துவிட்டேன், திரும்பிப் போகிற எண்ணமும் இல்லை. அதனால் எனக்கும் எழுத உரிமை உண்டு என்று மலர்க் குழுவிடம் வாதாடினேன். "சரி, வயசைப் போடாதே, போட்டோவும் வேண்டாம்" என்று ஒத்துக்கொண்டார்கள்.

எழுத வைத்தவர்கள் நான் விட்டுவந்த பிரிவில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள். பிளாஸ்டிக் உறைகளுக்கான விதியில் ஏதாவது திருத்தம் வரும்போதெல்லாம் போன் அடிக்கிறார்கள். எதை அச்சிடணும், எதை க்யூஆர் கோடுக்குள் வைத்தால் போதும், ஏற்கெனவே அச்சான உறைகளை என்ன செய்யணும் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். போனை வைத்த பிறகு உட்கார முடிவதில்லை. கடைக்குப் போனால் இன்னமும் கை தானாக பாக்கெட்டைத் திருப்புகிறது. "வாங்குறதா இருந்தா வாங்குங்க, இல்லன்னா வைங்க, கடைக்கார தாதா முறைக்கிறாரு" என்பாள் என் மனைவி. தாதா என்றால் இங்கே அண்ணன். வைத்துவிட்டு அடுத்ததைத் திருப்புவேன்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கிதர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். தமிழ்ப் பள்ளிக்கூடம், பிறகு வங்காளிப் பிள்ளைகளோடு பெஹாலாவில் ஒரு உயர்நிலைப் பள்ளி, பிறகு அச்சுத் தொழிலில் ஒரு டிப்ளமா. அதற்குமேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அலிப்பூரில் அலுவலகம் வைத்திருந்த ஒரு சனாச்சூர் கம்பெனியில் வேலை கிடைத்தது. சனாச்சூர் என்றால் நம் மிக்சருக்கு வங்காளத்து அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வீட்டில் நடந்த பேச்சு அப்படியே நினைவிருக்கிறது.

"என்ன சோலி குடுத்திருக்கான்?"

"பாக்கெட்டுக்குப் பின்னாடி அச்சடிச்சிருக்கறதப் படிச்சு, சரியா இருக்கான்னு சொல்லணும்ப்பா."

"பின்னாடியா? அப்பம் முன்னாடி யாரு படிக்கா?"

"அதுக்கு வேற ஆளு."

"பின்னாடி படிக்கதுக்கு ஒரு ஆளு, அதுக்குச் சம்பளமும் தாரானா?"

"தாரான்ப்பா."

"பெறவென்ன, நல்லாப் படி."

என் பிரிவின் தலைவி மைதிலி மேடம். லேக் கார்டன்ஸில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். அவருடைய தாத்தா ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனிக்கு குமாஸ்தாவாக வந்தவர். எங்கள் கம்பெனியின் உறைகளில் எந்தச் சொல் அச்சேறினாலும் கடைசிக் கையெழுத்து மேடத்துடையது. முதல் நாள் என் பெயரைப் பார்த்ததும் தமிழில் ஆரம்பித்தார்.

"எந்த ஊர்?"

"திருநெல்வேலிப் பக்கம் மேடம். ஆனா நான் பொறந்தது இங்கதான்."

"நானும் இங்கதான். எங்கப்பாவும் இங்கதான். அப்புறம் என்னத்துக்கு ஊரைக் கேக்கறேனோ! ஆபீஸ்ல எல்லாரும் என்னை தீதின்னு கூப்பிடுவா, நம்ம அக்கா மாதிரி. நீ எப்படி வேணாலும் கூப்பிடு. ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கூப்பிடு. போட்டப்புறம் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லே."

அவர் வேலை செய்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புது உறையின் மாதிரி வந்தால் அதைத் திரையில் பார்க்கக் கூடாது. உண்மை அளவில் தாளில் எடுத்து, பாக்கெட் வடிவத்தில் மடித்து ஒட்ட வேண்டும். நடுவில் ஒரு வரி அளவுக்குச் சன்னல் வெட்டிய அட்டை ஒன்று தருவார். அதை வைத்துக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். மேலிருந்து படித்தால் கண் தனக்குத் தெரிந்ததைப் படித்துவிடும், கீழிருந்து வந்தால் இருப்பதைத்தான் படிக்கும் என்பார். எழுத்தின் உயரத்தை அளவுகோலால் அளக்க வேண்டும். க்யூஆர் கோடைச் சுற்றி வெற்றிடம் போதுமா, பாக்கெட்டின் ஓரம் சூட்டில் ஒட்டுகிற இடத்துக்குள் அது நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். தவறு இருந்தால் "தப்பு" என்று சொல்ல மாட்டார். "இதை யார் படிக்கப் போறா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் தவறு எங்கே என்று நாமே தேட வேண்டும்.

குப்பையில் எப்படிச் சேர்ப்பது என்று சொல்லும் க்யூஆர் கோடு முதல்முறையாக எங்கள் பாக்கெட்டில் ஏறியபோது நான் அதைப் போனில் ஸ்கேன் செய்தேன். உடனே இணையப் பக்கம் திறந்தது. சந்தோஷமாக அவரிடம் கொண்டுபோனேன்.

"தின்னியா?"

"என்னது மேடம்?"

"உள்ள இருக்கற சனாச்சூர். குப்பையில எங்க போடணும்னு ஒருத்தன் எப்பப் பார்ப்பான்? வாங்கறப்பவா? தின்னு முடிச்சப்புறம்தானே. அப்ப கையில எண்ணெய் இருக்கும். பாக்கெட் கசங்கியிருக்கும். கிழிஞ்சிருக்கும். முதல்ல அதைத் தின்னு காலி பண்ணு. அப்புறம் ஸ்கேன் பண்ணிக் காட்டு."

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் அதுதான் முறை. ஒவ்வொரு உறையையும் தின்று, கசக்கி, கண்ணாடி கீறிய மலிவு போன் ஒன்றில் ஸ்கேன் செய்து பார்த்த பிறகுதான் கையெழுத்து. மற்ற பிரிவுக்காரர்கள் எங்களைப் பார்த்துப் பொருமினார்கள். "தின்கிறதுக்குச் சம்பளம் வாங்குறவங்க" என்று கேன்டீனில் ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். காரச் சனாச்சூருக்கு மட்டும் போட்டி இருந்தது. நோயாளிகளுக்கான உப்பில்லாத பொரி வந்தால் எல்லாரும் கூட்டத்துக்குப் போய்விடுவார்கள், நான்தான் தின்ன வேண்டும்.

தின்றும் ஒரு விஷயம் தப்பிவிட்டது. கோர்ட் பக்கத்துச் சாயாக் கடைகளில் சனாச்சூர் பாக்கெட்டை யாரும் மேலே பிரிப்பதில்லை. பின்பக்கத்தில் சூட்டில் ஒட்டிய தையலோடு நெடுகக் கிழித்து, தட்டு மாதிரி விரித்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் கடுகெண்ணெயும் போட்டு நாலு பேர் கூடித் தின்கிறார்கள். எங்கள் கோடு அந்தத் தையலை ஒட்டி இருந்தது. கிழித்தால் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். மேடம் என்னைக் கூட்டிக்கொண்டு கீழே போய், வக்கீல் குமாஸ்தாக்களுக்கு நடுவில் நின்று, அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குமாஸ்தாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "மாசிமா, எடுத்துக்குங்க" என்று சித்தியை உபசரிக்கிற மாதிரி பாக்கெட்டை நீட்டினார். மேடம் கொஞ்சமும் யோசிக்காமல் எடுத்துக்கொண்டார்.

க்யூஆர் கோடை முன்பக்க மூலைக்கு மாற்ற வேண்டும் என்று எழுதினார். மார்க்கெட்டிங் தலைவர் ரோஹன் சார் மாடியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். "தீதி, பின்பக்கம் உங்களோடது, என்ன வேணாலும் எழுதிக்குங்க. முன்பக்கம் என்னோடது" என்றார் சிரித்துக்கொண்டே. மோசமானவர் என்று சொல்ல முடியாது. கலகலப்பான ஆள், எல்லார் வீட்டுக் குழந்தை பெயரும் தெரியும். கடைசியில் கோடு பின்பக்கத்திலேயே, தையலைவிட்டுத் தள்ளி, கீழ் மூலைக்குப் போனது.

அதற்குள் விதிகள் ஓட ஆரம்பித்திருந்தன. உற்பத்தியாளரின் பதிவு எண்ணைப் பாக்கெட்டில் போடு என்றார்கள். பிளாஸ்டிக்கின் தடிமனைப் போடு என்றார்கள். அப்புறம் இந்த விவரங்களைக் கோடுக்குள்ளும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். உறையில் ஒரு வரி மாறினாலும் அச்சு சிலிண்டரைப் புதிதாகச் செதுக்க வேண்டும். உறைக்கான பிளாஸ்டிக் சுருளை ஃபிலிம் என்போம். பழைய ஃபிலிமைத் தீரும்வரை ஓட்டலாமா என்று கேட்டு எழுதினால், பதில் வருவதற்குள் அடுத்த திருத்தம் வந்து நிற்கும். மற்றவர்களுக்குக் கோடு நிம்மதியாக இருந்தது. சிலிண்டரில் இருப்பது வெறும் கட்டங்கள், அது மாற வேண்டாம், பின்னால் இருக்கிற இணையப் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். எனக்கு அதுதான் நிம்மதியைக் கெடுத்தது. அச்சில் தவறு விட்டால் அது கடைகடையாகத் தொங்கி நம் மானத்தை வாங்கும். பக்கத்தில் தவறு விட்டால் ஒரு சொடுக்கில் திருத்திவிடலாம். நேற்று அது வேறு மாதிரி இருந்தது என்று காட்ட எதுவும் மிஞ்சாது.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விவகாரத்துக்கு வருகிறேன்.

எங்கள் உறைகளை அச்சிட்டவர் தாபஸ்தா. பெஹாலாவில் ஒரு சந்துக்குள் அவருடைய அச்சகம். மழைக்காலத்தில் சந்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பதால் இயந்திரத்தைச் செங்கல் மேடை கட்டி உயரத்தில் வைத்திருப்பார். எங்கள் கம்பெனி ஆர்டர்தான் அவருடைய இயந்திரத்தை ஓட்டியது. புது ஓட்டம் தொடங்கும்போது நான் அங்கே போய், முதலில் வருகிற உறையைப் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். என் பெயர் செல்வம். அவர் வாயில் அது 'ஷெல்பம்' ஆகிவிடும்.

அந்த வருடம் துர்கா பூஜைக்கு முன்னால் ஓடிய முதல் உறையின் ஓரத்தை வழக்கம்போலக் கிழித்துப் பார்த்தேன். எங்கள் உறை ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. இழுத்தால் நீளும், அப்புறம்தான் கிழியும். அப்படி இருந்தால்தான் மறுசுழற்சிக்கு எடுப்பார்கள். இணையப் பக்கத்திலும் அப்படித்தான் போட்டிருந்தோம். இது சரக்கென்று கிழிந்தது. இரண்டு வகைப் பிளாஸ்டிக்கை ஒட்டிய அடுக்கு ஃபிலிம். அதை யாரும் எடுக்க மாட்டார்கள்.

"தாபஸ்தா, இது நம்ம ஃபிலிம் இல்லையே?"

"அரே பாபா, உங்க பர்சேஸ்காரங்கதான் லாரியில அனுப்பினாங்க. நான் அச்சடிக்கிறவன். ஃபிலிம் நான் செய்றேனா?"

இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு மேடத்தைக் கூப்பிட்டேன். விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

"பர்சேஸ் அனுப்பினதுதானாம். நம்ம ஃபிலிம் தட்டுப்பாடாம், பூஜைக்கு முன்னாடி வராதாம். ஓட்டச் சொல்லிடு. ஆனா ஃபேக்டரியில இந்தச் சரக்கோட பேட்ச் நம்பருக்கு முன்னாடி 'பி'ன்னு ஒரு எழுத்து அடிக்கச் சொல்லியிருக்கேன். பூஜைக்கு பி. ரெண்டு பாக்கெட்டும் பார்க்க ஒண்ணாவே இருக்கும், கோடும் ஒண்ணுதான். பின்னாடி எது எதுன்னு தெரியணுமோல்லியோ?"

இணையப் பக்கத்தில் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்றும் எழுதினார். பேட்ச் எண் 'பி'யில் தொடங்கினால் இது அடுக்கு ஃபிலிம், தனியாக வையுங்கள் என்று. அந்தப் பக்கம் ரோஹன் சாரின் கையில் இருந்தது. "ஒரு சீசனுக்காக ஜனங்களைக் குழப்ப வேண்டாம் தீதி, பூஜை முடியட்டும்" என்று பதில் வந்தது. மேடம் மறுபடி எழுதினார். மறுபடி அதே பதில்.

பூஜை முடிந்தது. காலிப் பாக்கெட்டுகளைத் திரும்பச் சேகரிக்கிறோம் என்று கம்பெனி அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. சேகரித்து அனுப்பிய மூட்டைகளை மறுசுழற்சிக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். ஒரே வகை என்று எழுதிக்கொடுத்துவிட்டு அடுக்கு ஃபிலிமைக் கலந்து அனுப்பியிருக்கிறீர்கள் என்றார். கணக்கைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு தணிக்கையாளர் வரப்போகிறார் என்று தெரிந்தது. கம்பெனி தெரிந்தே தவறாக அறிவித்தது என்றால் பெரிய சிக்கல். அச்சகம் ஏமாற்றியது என்றால் ஒரு குறிப்போடு போய்விடும்.

தணிக்கை நாளன்று காலையில் தாபஸ்தா எங்கள் அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. இயந்திர எண்ணெய் படாத சட்டையில் அவரை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"எதுக்கு வந்திருக்கீங்க தாதா?"

"சொல்றதுக்கு. ஃபிலிம் குறைஞ்சுது, என்கிட்ட இருந்த வேற ஃபிலிமை யாருக்கும் சொல்லாம நானே மாத்திப் போட்டேன்னு."

"பொய்யில்லையா அது? நான் பக்கத்துலதானே நின்னேன்!"

"மெதுவாப் பேசு. ரோஹன் பாபு சொல்லிட்டாரு. இதை நான் ஏத்துக்கிட்டா வர்ற வருஷம் எல்லா உறையும் எனக்குத்தான். ஏத்துக்கலன்னா குஜராத்துல யாரோ இருக்கானாம், பாதி நேரத்துல அச்சடிக்கிறானாம்."

"நாளைக்கு இதையே காட்டி உங்களை வெளிய தள்ளுவாங்க."

"அது நாளைக்கு. ஷெல்பம், உனக்கு மாசம் பொறந்தா சம்பளம். என் மெஷின் நின்னா அதுல நிக்கிற பசங்க நேரா வேற வேலைக்குப் போயிடுவாங்க. திரும்பி வர மாட்டாங்க. நீ இதுல வராதே, தம்பி. கையெடுத்துக் கேக்கறேன்."

உண்மையாகவே கையெடுத்தார்.

கூட்ட அறையில் ரோஹன் சார், மைதிலி மேடம், தாபஸ்தா, நான். தணிக்கையாளர் கோயம்புத்தூர்க்காரர். நரைத்த மீசை, மெதுவான பேச்சு. தாபஸ்தாவுக்கு வங்காளம் மட்டும்தான் வரும். ரோஹன் சார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க முன்வந்தார். தணிக்கையாளர் கையைக் காட்டி நிறுத்தினார். விசாரிக்கப்படுகிற தரப்பு மொழிபெயர்க்கக் கூடாது என்றார். என் பெயர் அட்டையைப் பார்த்தார்.

"தம்பி தமிழுங்களா?"

"ஆமா சார்."

"அப்ப நீங்க அவர் சொல்றதைத் தமிழ்லயே சொல்லிருங்க. எனக்கும் சௌகரியமாப் போச்சுங்க."

ரோஹன் சாருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. "உங்க ஊர்க்காரங்க சேர்ந்துட்டா நாங்க வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்" என்று சிரித்தார்.

தாபஸ்தா சொன்னார். படிக்கட்டில் என்னிடம் சொன்ன அதே சொற்கள், அதே வரிசை. ஃபிலிம் குறைந்தது, தன்னிடம் இருந்ததைப் போட்டார், யாரிடமும் சொல்லவில்லை, மன்னிக்க வேண்டும். சொல்லும்போது தணிக்கையாளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் நான் அதைத் தமிழில் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் வாயிலிருந்து அந்தப் பொய் நல்ல தமிழில், திருத்தமாக வந்துகொண்டிருந்தது.

அவர் நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். தணிக்கையாளர் எழுதிக்கொண்டிருந்தார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்றே பேர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சார், இதுவரைக்கும் சொன்னது அவர் சொன்னது. இனிமே சொல்றது நான் சொல்றது."

பேனா நின்றது. அவர் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. "சொல்லுங்க" என்றார், தொடர்ந்து எழுதுகிறவர் போலவே.

"அந்த ஃபிலிமை அனுப்புனது நாங்க சார். மெஷின் பக்கத்துல நான் நின்னேன். கிழிச்சுப் பார்த்துட்டு உடனே ஆபீசுக்குச் சொன்னேன். தெரிஞ்சுதான் ஓட்டினோம்."

"அப்பறம் இவரு ஏனுங்க இப்படிச் சொல்றாரு?"

"ஏத்துக்கிட்டா ஆர்டர் உண்டுன்னு சொல்லியிருக்காங்க சார். அவருக்கு ஆர்டர் வேணும். அவர் மெஷின் ஓடணும். நான் சொன்னதை நீங்க அப்படியே எழுதுனா, அவர் வாக்கு மீறிட்டாருன்னு அதுவும் போயிடும்."

"அப்ப என்னைய என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

உண்மையைச் சொல்லிவிட்டால் அடுத்தது தானாக நடந்துவிடும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து நம்பிக்கொண்டிருந்தவன் நான். மேடம் அதுவரை பேட்ச் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், கணக்கு வாசிக்கிற குரலில் தமிழில் சொன்னார்: "பையன் சொல்றது வாஸ்தவம். யாரையும் ஒண்ணும் கேக்க வேண்டாம். பாக்கெட்டை எடுத்துப் பாருங்கோ. பேட்ச் நம்பரைப் படியுங்கோ."

ரோஹன் சார் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். "எல்லாம் சரிதானே?" என்று கேட்டார். "சரிபார்த்துண்டிருக்கோம்" என்று மேடம் அவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

தணிக்கையாளர் திரும்பி வந்த மூட்டையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். நல்ல பாக்கெட் ஒன்றையும் எடுத்தார். இரண்டையும் ரோஹன் சார் முன்னால் வைத்து ஆங்கிலத்தில் கேட்டார். உங்கள் பேட்ச் எண்கள் எல்லாம் எண்ணில் தொடங்குகின்றன. திரும்பி வந்த பாக்கெட்டுகளில் மட்டும் முன்னால் ஒரு எழுத்து இருக்கிறது. இது அச்சகத்தில் அடித்ததா, உங்கள் தொழிற்சாலையில் அடித்ததா?

தொழிற்சாலையில் என்று ரோஹன் சார் சொன்னார். வேறு எப்படிச் சொல்ல முடியும்? பேட்ச் எண் அச்சகத்தில் அடிப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

"ஃபிலிம் மாறினது யாருக்கும் தெரியாதுன்னா, எந்தப் பாக்கெட்டுல இந்த எழுத்தை அடிக்கணும்னு உங்க தொழிற்சாலைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ரோஹன் சார் அந்தப் பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தை அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

அறிக்கையில் என் பெயர் இல்லை, தாபஸ்தா சொன்னதும் இல்லை. பேட்ச் எண்ணின்படி ஃபிலிம் மாற்றம் கம்பெனிக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது என்று ஒரு வாக்கியம் மட்டும் இருந்தது. கம்பெனி கணக்கைத் திருத்திக் கொடுத்தது. இணையப் பக்கத்தில் மேடம் கேட்ட இரண்டு வரிகளும் ஏறின. மேடம் வழக்கமான வயதில் ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவில் ரோஹன் சார்தான் சால்வை போர்த்தினார், நன்றாகவே பேசினார். என்னைக் கிடங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. கொஞ்ச நாள் பெட்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டு ராஜினாமா செய்தேன். இப்போது ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. தாபஸ்தாவுக்கு அடுத்த வருட ஆர்டர் வரவில்லை. கொடுத்த வாக்குக்கு அவர் தரப்பில் குறையில்லை, ஆனால் அவர் ஏற்றுக்கொண்டது இனிக் கம்பெனிக்கு உதவாது. உறைகள் குஜராத்திலிருந்து வர ஆரம்பித்தன.

இதை எழுத உட்கார்ந்தபோது இந்த இடத்தில் நின்றுவிட்டது. ரொம்ப நாள் நகரவில்லை. போன வாரம் பெஹாலாவுக்குப் போனேன். போகலாமா வேண்டாமா என்று சந்து முனையிலேயே இரண்டு தடவை திரும்பினேன்.

பெரிய இயந்திரத்தின்மேல் தார்ப்பாய் கிடந்தது. பக்கத்தில் ஒரு சின்ன இயந்திரம் இனிப்புக் கடைக்கு ஸ்டிக்கர் அடித்துக்கொண்டிருந்தது. தாபஸ்தா என்னைப் பார்த்ததும் சாயா சொன்னார். என் மனைவியைக் கேட்டார், அப்பாவின் முழங்கால் வலியைக் கேட்டார். சாயா வந்தது. குடிக்க ஆரம்பித்தோம்.

"ஷெல்பம், ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். அன்னிக்கு நான் நிறுத்தினப்புறமும் நீ பேசிக்கிட்டே இருந்தியே. உன் பாஷையில. என்னைப் பத்தி என்ன சொன்னே?"

அவருக்கு அது தெரியாது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அந்த மேஜையில் அவர் என்னையே பார்த்துக்கொண்டு, ஒரு சொல்லும் புரியாமல் உட்கார்ந்திருந்தார். சுருக்கிச் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு முழுவதையும் வங்காளத்தில் சொன்னேன். அன்றைக்கு எந்த வரிசையில் சொன்னேனோ அதே வரிசையில், தணிக்கையாளர் கேட்டதையும் சேர்த்து. ஃபிலிமை அனுப்பியது நாங்கள் என்றதற்குத் தலையாட்டினார். அவருக்கு ஆர்டர் வேண்டும், அவர் இயந்திரம் ஓட வேண்டும் என்று சொன்னேன் என்ற இடத்தில் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அதைச் சொன்னியா?"

"சொன்னேன் தாதா."

"அந்த பாபு எழுதிக்கிட்டாரா?"

"இல்ல. எழுதல."

சின்ன இயந்திரத்தில் தாள் சிக்கிக்கொண்டது. போய் விடுவித்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அன்னிக்கு எனக்குச் சொல்ல இருந்தது அது ஒண்ணுதான், என் மெஷின் ஓடணும்னு. வீட்டுலயிருந்து வர்ற வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கிட்டு வந்தேன். அங்க வந்தா எல்லாரும் ஃபிலிமைப் பத்தியே கேட்டாங்க." கொஞ்ச நேரம் தார்ப்பாயைப் பார்த்தார். "உன்மேல கோபம் இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"தெரியும் தாதா."

"இருந்துட்டுப் போகட்டும். சாயா ஆறுது, குடி."

குடித்தேன். அவர் எழுந்துபோய் மறுபடி இயந்திரத்தை ஓட்டினார். நான் கிளம்புவதா, இன்னும் கொஞ்சம் உட்கார்வதா என்று தெரியாமல், கோப்பை காலியான பிறகும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன்.